புறங்காலைக் கேட்காமல் எழுதிய தீர்ப்பு: விண்வெளிக் காலணித் திட்டத்தை மூடிய குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மறுஆய்வுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் நீங்கள் அனுப்பிய கடிதத்தில் எங்கள் வேலைக்குக் கிடைத்தது 3 வரி. விண்வெளி நிலையத்துக்குள் அன்றாடப் பயன்பாட்டுக்குக் காலுறை போதுமானது. உடற்பயிற்சிக்குக் கடையில் விற்கும் ஓட்டக் காலணி போதுமானது. ஆகவே தனிக் காலணித் திட்டம் இத்துடன் முடிகிறது. 2 ஆண்டு உழைப்புக்கும் 11 சாம்பிளுக்கும் அவ்வளவுதான் பதில்.

பதில் சுருக்கமாக இருந்ததில் எனக்கு வருத்தமில்லை. 'போதுமானது' என்ற சொல்தான் உறுத்துகிறது. யாருடைய காலுக்குப் போதுமானது? எத்தனை மணி நேரத்துக்கு? எந்தச் சோதனையில் அப்படித் தெரிந்தது? இதில் ஒன்றுக்கும் கடிதத்தில் விடை இல்லை. உங்கள் சோதனைகள் நடந்தபோது அறையின் ஓரத்தில் நின்று பார்த்தவள் நான். விடை ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. 23 ஆண்டாகக் காலணிக்கு மாதிரி செய்து பிழைக்கிறவள். லாஸ்ட் என்று நாங்கள் சொல்கிற கால் வடிவக் கட்டையை இழைப்பது, அதன்மேல் டேப் ஒட்டிக் கோடு வரைந்து அப்பருக்கு, அதாவது காலணியின் மேல்பாகத்துக்கு, பேட்டர்ன் எடுப்பது, தைப்பது, சரியில்லை என்று பிரிப்பது, மறுபடி தைப்பது, இதுதான் என் வேலை. உங்கள் திட்டத்துக்கு என்னைக் கூப்பிட்ட முதல் வாரத்திலேயே ஒன்று உறைத்தது. எனக்குத் தெரிந்த தொழில் மொத்தமும் நடக்கிற காலுக்கானது. அங்கே யாரும் நடப்பதில்லை.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்வதாக நினைக்க வேண்டாம். தெரிந்திருந்தால் அந்தக் கடிதம் வேறு மாதிரி வந்திருக்கும். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற நிலையத்துக்குள் ஒருவர் ஓரிடத்தில் நிலையாக இருந்து வேலை பார்க்க வேண்டுமானால், அங்கே பொருத்தியிருக்கும் பிடிமானக் கம்பிக்கு அடியில் இரண்டு பாதத்தையும் நுழைத்து, மேல்நோக்கி மாட்டிக்கொள்கிறார். அப்போதுதான் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். ஒரு திருகாணியைத் திருகினால் ஆள் எதிர்ப்பக்கம் சுழலப் பார்ப்பார். அதைத் தடுப்பது புறங்கால், அதாவது பாதத்தின் மேல்பக்கம். ஒரு பெட்டியை இழுத்தாலும் அப்படித்தான். பூமியில் உள்ளங்கால் செய்கிற வேலையை அங்கே புறங்கால் செய்கிறது. உள்ளங்கால் சும்மா கிடக்கிறது.

சும்மா கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 340 நாள் தொடர்ந்து மேலே இருந்துவிட்டு 2016 மார்ச்சில் இறங்கிய அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, அங்கிருந்தபோதே பொதுமக்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். உள்ளங்காலின் காய்ப்பெல்லாம் உதிர்ந்து பச்சைக் குழந்தையின் பாதம் மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது, புறங்கால் முதலைத் தோலாகச் சொரசொரத்துவிட்டது என்றார். கம்பியில் மாட்டி மாட்டித்தான் அப்படி. காலுறையைக் கழற்றும்போது செத்த தோல் செதில் செதிலாக மிதக்கும், அதனால் மெதுவாகக் கழற்ற வேண்டும் என்று போய்வந்த வேறு சிலரும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் 'போதுமானது' என்று எழுதியது இந்தக் காலுறையைத்தான்.

ஓட்டக் காலணி பற்றிய வரியில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். டிரெட்மில்லில் ஓடும்போது பட்டை கட்டி, இழுவைக் கயிற்றால் ஆளைக் கீழே இழுத்துப் பிடிக்கிறார்கள். அப்போது பாரம் உள்ளங்காலில்தான் இறங்குகிறது. அதற்குக் கடைக் காலணியே நல்லது, நான் புதிதாக ஒன்றும் கிழிக்கப்போவதில்லை. ஆனால் அதையே போட்டுக்கொண்டு கம்பியில் மாட்டிப் பாருங்கள். லேஸ் முடிச்சு, லேஸ் கோக்கும் துளைகள், நாக்குப் பட்டையின் விளிம்பு, இத்தனையும் ஒரு காலணியில் எங்கே இருக்கின்றன? சரியாகப் புறங்காலின் மேல், கம்பி அழுத்துகிற அதே இடத்தில். சாதாரணக் காலணியில் அங்கே பாரமே விழாது என்பதால், எங்கள் தொழிலில் கடினமான சமாச்சாரங்களையெல்லாம் அங்கேதான் வைப்போம். முடிச்சுக்கு அடியில் இருப்பது விரல்களை மேலே தூக்கும் தசைநாண்கள். தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை என்று பெரிதாக எதுவும் கிடையாது.

இதை நான் என் காலிலேயே பார்த்தேன். வீட்டில் ஒரு தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு குழாயைப் பொருத்தி, அதற்கு அடியில் பாதத்தை விட்டு, முழங்காலை ரப்பர் பட்டையால் மேலே இழுத்துக் கட்டிக்கொண்டேன். முதல் நாள் வெறும் காலுறை. 50 நிமிடத்தில் இரண்டு புறங்காலிலும் விரல் அகலத்துக்குச் சிவப்புக் கோடு, தொட்டால் வலி. மறுநாள் ஓட்டக் காலணி. அரை மணியில் அவிழ்த்துவிட்டேன், முடிச்சின் அச்சு தோலில் அப்படியே பதிந்திருந்தது. மூன்றாம் நாள் எங்கள் 7ஆவது சாம்பிளின் அமைப்பில், என் அளவுக்குத் தைத்த ஒன்று. 2 மணி நேரம் உட்கார்ந்தேன். கடைசியில் வலித்தது முதுகுதான். பூமியில் உட்கார்ந்து செய்கிற சோதனைக்கு வரம்பு உண்டு, தெரியும். ஆனாலும் அது சரியான இடத்தைச் சோதித்தது.

அந்த 7ஆவது சாம்பிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களில் பலர் அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. சோல் என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஒரு மெல்லிய துணி அடுக்கு மட்டும். மேலே, பெருவிரல் எலும்பு எழும்புகிற இடத்திலிருந்து கணுக்காலுக்கு 4 விரல் முன்புவரை ஒரு திண்டு. குறுக்கே ஒரு பள்ளம் விட்டிருந்தோம், கம்பி வந்து அதில் உட்காரும். லேஸ் கிடையாது, பக்கவாட்டில் திறப்பு. குதிகாலில் மட்டும் இறுக்கம், ஏனென்றால் மேலே மாட்டி இழுக்கும்போது காலணி குதிகால் வழியாகத்தான் கழன்று வரப் பார்க்கும். இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு 4 சாம்பிள் ஆனது. ஒரு ஜோடியின் எடை 210 கிராம்.

பசையும் இல்லை. காலணித் தொழில் பசையில்தான் ஓடுகிறது, ஒரு சாம்பிள் அறைக்குள் நுழைந்தால் முதலில் வருவது அந்த வாசனைதான். நாங்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்வோம். அங்கே எந்த ஜன்னலைத் திறப்பது? அடைத்த அறையில் ஒரு பொருள் என்ன ஆவியை விடுகிறது என்று பார்க்காமல் எதையும் மேலே அனுப்ப மாட்டீர்கள் என்பது எனக்குப் புரிந்தது. 1967 ஜனவரி 27 அன்று தரையிலேயே, ஒத்திகையின்போது, அப்போலோ 1 கலத்துக்குள் மூன்று பேர் தீயில் இறந்த பிறகு தீப்பற்றும் பொருள்களின் மீது வந்த கெடுபிடியும் புரிந்தது. ஆகவே அப்பரையும் அடியையும் மொக்காசின் முறையில் தைத்தே இணைத்தோம், நூல்கூட எளிதில் தீப்பற்றாத அராமிட் நூல். உங்கள் பொருள் பாதுகாப்புப் பிரிவு இதில் குறையே சொல்லவில்லை. அவர்களுக்கு நன்றி.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. முதல் கூட்டத்தில் நான் 'ஈ.வி.ஏ. எத்தனை மில்லிமீட்டர் வைக்கலாம்?' என்று கேட்டேன், எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். எங்கள் தொழிலில் ஈ.வி.ஏ. என்றால் சோலுக்குள் வைக்கிற நுரை. உங்கள் தொழிலில் அது விண்வெளி நடை. சிரித்துவிட்டுக் கடந்துபோனோம். இப்போது யோசித்தால், அன்றே இரண்டு தரப்பும் வேறு வேறு பொருளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அப்புறம் உங்கள் சோதனைகள்.

மேசைச் சோதனையில் என்ன நடந்தது? உங்கள் உறுப்பினர் ஒருவர் சாம்பிளைக் கையில் எடுத்தார், திருப்பினார், கட்டைவிரலால் அடிப்பக்கத்தை அழுத்தினார். 'குஷன் போதாது' என்றார். பக்கத்திலிருந்தவர் குறித்துக்கொண்டார். மேலே இருந்த திண்டின் மீது ஒருவர் விரலும் படவில்லை. பிறகு ஒரு பொறியாளர் அதைப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் 40 மீட்டர் நடந்தார். வழுக்குகிறது என்று அதற்கும் ஒரு குறிப்பு. நடக்காத காலுக்குச் செய்த காலணியை நடந்து பார்த்துத் தோற்கடிப்பதைச் செருப்புக்காகக் காலைத் தறிக்கிற கதை என்றுதான் சொல்வேன்.

நீச்சல் குளத்தில் வைத்த சோதனையில் தவறு எங்களுடையது, மறைக்கவில்லை. திண்டுக்குள் இருந்தது மூடிய குமிழ் நுரை. தண்ணீருக்குள் போனதும் சோதனைக்கு வந்தவரின் கால் இரண்டும் மிதவை மாதிரி மேலே கிளம்பிவிட்டன, பாவம் அவர் தலைகீழானார். ஓரத்தில் ஈயத் துண்டு தைத்துச் சரிக்கட்டினோம், அதற்குள் ஒதுக்கியிருந்த நேரம் முடிந்துவிட்டது. 'நிலைத்தன்மை இல்லை' என்று அறிக்கையில் ஏறியது. நுரை தண்ணீரில் மிதப்பதற்கும் நிலையத்தின் காற்றில் அது எப்படி இருக்கும் என்பதற்கும் என்ன தொடர்பு?

பிறகு விமானச் சோதனை. வில் வளைவாக ஏறி இறங்கும் விமானத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 22 விநாடி எடையின்மை கிடைக்கும். முன்னும் பின்னும் உடம்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனக்கும். எங்கள் சாம்பிளுக்கு 6 சுற்று. இன்னொரு 6 சுற்று வெறும் காலுறை. 'இரண்டுக்கும் வித்தியாசம் உணரப்படவில்லை' என்று முடிவு. கையில் முள் குத்தினால்கூட 22 விநாடி பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாளில் பல மணி நேரம், மாதக்கணக்கில் நடக்கிற உரசலை 22 விநாடித் துண்டுகளில் எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் கடிதத்தில் இருக்கும் 'போதுமானது' பிறந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தவறு என்றால் திருத்துங்கள்.

காலுக்கு ஏதாவது வேண்டும் என்று சொல்வதில் நாங்கள் முதல் ஆளும் இல்லை. 1966 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 9ஏ பயணத்தில் கலத்தைவிட்டு வெளியே போன ஜீன் செர்னன், கால் ஊன்ற இடமில்லாமல் உடம்போடு மல்லுக்கட்டிக் களைத்துப்போனார், முகக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜெமினி 12 பயணத்தில் பஸ் ஆல்ட்ரின் அமைதியாக வேலையை முடித்துவிட்டு வந்தார். தண்ணீருக்கடியில் எடுத்த பயிற்சி ஒரு காரணம். இன்னொன்று, கலத்திலேயே பொருத்தியிருந்த பாதப் பிடிகள். தங்கச் செருப்பு என்று அதற்குச் செல்லப்பெயர் வைத்தார்கள். காலில் போடாமல் கப்பலுக்குப் போட்ட செருப்பு! 1973இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க நிலையத்தில் தரையை முக்கோண ஓட்டைகளாக அமைத்து, காலணியின் அடியில் அதே முக்கோணத்தில் ஒரு கட்டையை வைத்தார்கள். நுழைத்துத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். அந்த நிலையத்தோடு அந்தத் தரையும் போயிற்று, காலணியும் போயிற்று. பிறகு வந்தவை கம்பிகள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1980 செப்டம்பரில் நடந்தது. சோவியத்தின் சல்யூட் 6 நிலையத்துக்குப் போன கியூபா வீரர் அர்னால்டோ தமாயோ மெண்டெஸ், பாத வளைவில் பாரம் கொடுக்கிற மாதிரி செய்த ஒரு காலணியை நாளுக்கு 6 மணி நேரம் போட்டுச் சோதித்தார். உள்ளங்காலுக்கு அழுத்தம் கிடைத்தால் எடையின்மையில் தூங்கிப்போகிற கால் தசைகள் விழித்துக்கொள்கின்றன என்று பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின. எங்கள் 11ஆவது சாம்பிளில் பாத வளைவுக்கு அடியில் ஒரு காற்றுப் பையை வைத்தது இதைப் படித்த பிறகுதான். அந்தப் பையைப் பற்றி உங்கள் அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. அதில் காற்றடைக்கும் பம்ப் உருண்டை எதற்கு என்று யாரும் கேட்கவும் இல்லை.

நிலாவுக்கான பூட்ஸ் பற்றி நான் பேசவில்லை. அங்கே ஆறில் ஒரு பங்கு எடை உண்டு, நடை உண்டு, கத்திபோல் அறுக்கிற தூசி உண்டு, தென்துருவத்தின் நிழல் பள்ளங்களில் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே குளிர் உண்டு. அதற்கு ஆளும் பணமும் தானாகவே வருகிறது, ஏனென்றால் அது புகைப்படத்தில் விழும். 1969இல் ஆல்ட்ரின் எடுத்த பூட்ஸ் தடத்தின் படத்தை உலகமே பார்த்தது. கம்பியில் மாட்டிய பாதத்தை யார் படம் எடுக்கிறார்கள்?

இனி அளவு விஷயம். நீங்கள் எங்களுக்குக் கொடுத்த லாஸ்ட் ஒன்றே ஒன்று. 42, ஆண் கால். என் கால் 36. எங்கள் 11 சாம்பிளில் ஒன்றும் எனக்குச் சேராது. வேலை நேரம் முடிந்தபின் எனக்கென்று ஒரு கட்டையை இழைத்து, மேலே சொன்ன வீட்டுச் சோதனைக்காக ஒன்று தைத்துக்கொண்டேன். அது உங்கள் கணக்கில் இல்லாத 12ஆவது. பெண்ணின் கால் என்பது ஆண் காலைச் சுருக்கியது அல்ல. முன்பாதத்தோடு ஒப்பிட்டால் குதிகால் ஒடுக்கம், வளைவும் விரல்களின் வரிசையும் வேறு. 42ஐ ஒரே விகிதத்தில் குறைத்துக்கொண்டே வந்தால் குதிகாலில் தொளதொளவென்று நிற்கும். குதிகால்தான் இந்தக் காலணியின் உயிர் என்று மேலே சொன்னேன். அளவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு 2019 மார்ச் நினைவுக்கு வந்தது. இரண்டு பெண்கள் சேர்ந்து வெளியே போகவிருந்த முதல் விண்வெளி நடை, நடு அளவு மேலுடை ஒன்றுதான் உடனே தயாராக இருந்தது என்பதால் அந்த நாளில் நடக்காமல் போனது. கிறிஸ்டினா கோக்கும் ஜெசிகா மீரும் அக்டோபர் 18 அன்றுதான் போனார்கள். இது நடந்து இத்தனை ஆண்டு கழித்தும் ஒரு கட்டையை வைத்துக்கொண்டு மனிதக் கால் என்று சொல்கிறோம்.

அந்த ஒரு கட்டையும் தரையில் அளந்தது. மேலே போனதும் காலில் இருந்த நீரில் ஒரு பங்கு தலைப்பக்கம் ஏறிவிடுகிறது. முகம் வீங்கும், கால் குச்சியாகும், பறவைக் கால் என்று அவர்களே கிண்டல் செய்துகொள்வார்கள். அந்த மெலிந்த பாதத்தின் அளவு எங்களுக்கு வேண்டும் என்று 3 முறை எழுதிக் கேட்டேன். மருத்துவத் தகவல், தர முடியாது என்று பதில். சரி, பெயர் வேண்டாம், ஆள் யாரென்று தெரிய வேண்டாம், சுற்றளவு மட்டும் போதும் என்றேன். அதற்குப் பதிலே வரவில்லை. காலைக் காட்டாமல் காலணி செய்யச் சொன்னீர்கள். பிறகு பொருந்தவில்லை என்கிறீர்கள்.

இனி நான் கேட்பவை.

முதலில், திட்டம் முடிந்தது என்ற அந்த முடிவை நிறுத்தி வையுங்கள். எந்தச் சோதனையின் அடிப்படையில், எத்தனை மணி நேரப் பயன்பாட்டைப் பார்த்துக் 'போதுமானது' என்று எழுதினீர்கள் என்பதை வெளியிடுங்கள். அப்படி ஒரு சோதனை இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், அதுவும் ஒரு பதில்தான். மறு சோதனை கம்பியில் மாட்டி நடக்கட்டும், ஒரே மூச்சில் குறைந்தது 2 மணி நேரம், திண்டின் மேல் அழுத்தத்தை அளக்கும் தாளை வைத்து. தாழ்வாரத்தில் யாரும் நடக்க வேண்டாம்.

அடுத்த சரக்குக் கலத்தில் 2 ஜோடிக்கு இடம் கொடுங்கள். 420 கிராம். விருப்பமுள்ள ஒருவர் 30 நாள் இடது காலில் எங்கள் காலணியும் வலது காலில் காலுறையும் போடட்டும். வாரம் ஒரு முறை இரண்டு புறங்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் போதும். எது போதுமானது என்று அந்தக் காலே சொல்லிவிடும். நாங்கள் தோற்றால் ஒப்புக்கொண்டு, என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

போகும் முன், மேலே இருக்கும்போது, இறங்கிய அன்று என்று பாதத்தின் நீளத்தையும் 3 இடங்களில் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு அளவு நாடாவும் 5 நிமிடமும் போதும். பெயரை நீக்கிவிட்டு எண்களை எங்களுக்குத் தாருங்கள். லாஸ்ட் குறைந்தது 4 அளவில் வேண்டும், அதில் 2 பெண் காலை அளந்து இழைத்தவை. இறங்கிய நாளுக்கென்று ஒரு மென்மையான காலணியையும் இந்தத் திட்டத்தில் சேருங்கள். பச்சைக் குழந்தையின் உள்ளங்காலோடு, திடீரென்று திரும்பி வந்த முழு எடையோடு ஒருவர் எழுந்து நிற்கிறார், அவருக்கு எதை மாட்டிவிடுவது என்று இதுவரை யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

உங்கள் குழுவில் காலணி தைக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். நானாக இருக்க வேண்டியதில்லை.

60 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், நான் இதை எழுதியது போலவே பொதுவில். மறுப்பதாக இருந்தால் 7ஆவது, 11ஆவது சாம்பிள்களையும் லாஸ்டையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் கிடங்கில் இரண்டாவது அலமாரியில், சாம்பல் நிறப் பெட்டியில் இருக்கின்றன. 11ஆவதைத் தூக்கும்போது பம்ப் உருண்டையைப் பிடித்துத் தூக்க வேண்டாம், தையல் விட்டுவிடும்.

இப்படிக்கு,
சாம்பிள் அறையிலிருந்து